அதிகாரத்தின் இரு பக்கமும் நின்ற சட்டத்தரணி: ரொபேர்ட் ஜக்சன்

ஒரு நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்படும்போது மக்களின் கண்களுக்குத் தெரிபவர்கள் படையினரும் பொலிஸாரும் அரசியல் தலைவர்களுமே. ஆயினும், ஒவ்வொரு தடுப்புக்காவல் உத்தரவுக்கும், ஒவ்வொரு ஒட்டுக்கேட்டலுக்கும், ஒவ்வொரு நாடு கடத்தலுக்கும் பின்னால் அரசாங்கச் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனை இருக்கவே செய்கிறது. சட்டத்தில் இதற்கு இடமுண்டு என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் அதிகாரிகள் தயக்கமின்றிச் செயற்படுவர். இடமில்லை என்று அவர் கூறினால் பலம் வாய்ந்த அமைச்சரும் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். வரலாற்று நூல்களில் அதிகம் பேசப்படாத இந்தப் பதவியின் கனத்தை முழுமையாக உணர்ந்தவர்களுள் ஐக்கிய அமெரிக்காவின் ரொபேர்ட் ஜக்சன் முதன்மையானவர்.

நியூரம்பேர்க் விசாரணையில் நாஜித் தலைவர்களுக்கு எதிராக அமெரிக்கத் தரப்பில் வாதாடியவர் என்ற வகையிலேயே ஜக்சனை உலகம் நினைவு கூருகிறது. எனினும், அவருடைய வாழ்வின் சிக்கலான பகுதி அதற்கு முன்னரும் பின்னரும் வருவதாகும். அமெரிக்க வரலாற்றில் சொலிசிட்டர் ஜெனரல், சட்டமா அதிபர், உயர் நீதிமன்ற நீதியரசர் ஆகிய மூன்று பதவிகளையும் வகித்த ஒரே மனிதர் அவர். அரசாங்கத்துக்கு அதிகாரத்தைத் தேடிக் கொடுக்கும் ஆசனத்திலும், அந்த அதிகாரத்தை அளந்து பார்க்கும் ஆசனத்திலும் அவர் அமர்ந்திருந்தார். முதலாவது ஆசனத்தில் தாம் கற்றதை இரண்டாவது ஆசனத்தில் அவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதே இக்கட்டுரையில் நாம் நோக்க விரும்புவது.

சிற்றூரிலிருந்து தலைநகருக்கு

ஜக்சன் 1892ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங் கிறீக் என்னும் இடத்தில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தார். வளர்ந்தது நியூயோர்க் மாநிலத்தின் மேற்கு மூலையிலுள்ள பிறூஸ்பேர்க் என்ற சிற்றூரில். பல்கலைக்கழகப் பட்டம் எதனையும் அவர் பெற்றவரல்லர். ஜேம்ஸ்டவுண் நகரில் சட்டத்தரணி அலுவலகமொன்றில் உதவியாளராக இருந்து தொழிலைப் பழகி, அல்பனி சட்டக் கல்லூரியில் ஓராண்டு மாத்திரம் பயின்று, 1913இல், 21ஆவது வயதில், சட்டத்தரணியானார். தொடர்ந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதே நகரில் விவசாயிகளுக்காகவும் வங்கிகளுக்காகவும் சாதாரண மக்களுக்காகவும் வழக்காடினார். அவருடைய தீர்ப்புகளில் பின்னாளில் காணப்பட்ட எளிமையும் கூர்மையும் இந்த ஊர் நீதிமன்றங்களில் பழகியவை எனலாம்.

நியூயோர்க் அரசியலின் வழியே அறிமுகமான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியான பின்னர், 1934இல் ஜக்சன் வொஷிங்டனுக்கு அழைக்கப்பட்டார். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தலைமைச் சட்ட ஆலோசகராகத் தொடங்கி, பெரும் செல்வந்தரும் முன்னாள் நிதியமைச்சருமான அன்ட்ரூ மெலனுக்கு எதிரான வரி வழக்கை நடத்திப் பெயர் பெற்றார். 1938இல் சொலிசிட்டர் ஜெனரலாகவும் 1940 ஜனவரியில் சட்டமா அதிபராகவும் உயர்ந்தார்.

போர் நெருங்கிய வேளையில்

ஐரோப்பாவில் போர் மூண்டு, பிரான்ஸ் வீழ்ந்து, அமெரிக்காவெங்கும் உளவாளிகள் பற்றிய அச்சம் பரவிய காலத்திலேயே ஜக்சன் சட்டமா அதிபராக இருந்தார். 1940 ஏப்ரல் 1ஆம் திகதி, நாடெங்குமிருந்து வந்திருந்த சமஷ்டி வழக்குத்தொடுநர்கள் முன்னிலையில் அவர் ஆற்றிய உரை இன்றும் சட்டக் கல்லூரிகளில் வாசிக்கப்படுகிறது. வழக்குத்தொடுநர் ஒருவர் தமக்குப் பிடிக்காத மனிதரை முதலில் தெரிவு செய்துவிட்டு, பின்னர் அவர்மீது சுமத்தத் தக்க குற்றத்தைச் சட்டப் புத்தகங்களில் தேடத் தொடங்குவாராயின், அதுவே அப்பதவியின் மிகப்பெரிய ஆபத்து என்பது அவ்வுரையின் சாரம். செல்வாக்கற்ற ஒரு குழுவைச் சேர்ந்திருத்தல், தவறான அரசியல் கருத்தைக் கொண்டிருத்தல் என்பனவே அப்போது குற்றமாகி விடுகின்றன என்று அவர் எச்சரித்தார்.

அதே ஆண்டில் அவர் எடுத்த மற்றொரு நிலைப்பாடும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. அவுஸ்திரேலியாவில் பிறந்தவரும் துறைமுகத் தொழிற்சங்கத் தலைவருமான ஹரி பிரிட்ஜஸை நாடு கடத்துவதற்கென, அவர் பெயரையே குறிப்பிட்டு, சட்டமூலமொன்றைப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. தனியொருவரைப் பெயர் சுட்டி வெளியேற்றும் சட்டம் அமெரிக்க மரபுக்கு முரணானது என்று ஜக்சன் அதனை எதிர்த்தார். அச்சட்டமூலம் சட்டமாகவில்லை. ஆனால், பொதுவான சொற்களில் அமைந்த வேறொரு சட்டத் திருத்தத்தின் கீழ், ஜக்சனின் திணைக்களமே பிரிட்ஜஸ் மீது புதிய நடவடிக்கையைத் தொடங்கியது. உயர் நீதிமன்றம் 1945இல் அந்த நாடு கடத்தல் உத்தரவை இரத்துச் செய்தது.

கொள்கைக்கும் பதவிக்கும் இடையிலான இந்த இழுபறி ஒட்டுக்கேட்டல் விடயத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தொலைபேசி உரையாடல்களை இடைமறித்துக் கேட்டு வெளியிடுவதனை 1934ஆம் ஆண்டின் தொடர்பாடல் சட்டம் தடுத்திருந்தது. அவ்வாறு பெறப்பட்ட சான்றுகள் ஏற்கத்தக்கவையல்ல என உயர் நீதிமன்றமும் 1937இலும் 1939இலும் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே, 1940 மார்ச்சில் ஜக்சன் எப்.பி.ஐ. ஒட்டுக்கேட்பதற்குத் தடை விதித்தார். அதன் பணிப்பாளர் எட்கார் ஹூவர் இதனை விரும்பவில்லை. இரண்டு மாதங்களில், மே 21ஆம் திகதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இரகசியக் குறிப்பொன்றின் மூலம் நாசவேலை, உளவு ஆகியவற்றில் சந்தேகிக்கப்படுவோரை ஒட்டுக்கேட்க அனுமதியளிக்குமாறு சட்டமா அதிபரைப் பணித்தார். அதனை இயன்றவரை குறைந்த அளவில், பெரும்பாலும் வெளிநாட்டவர் விடயத்தில் மாத்திரம் மேற்கொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை.

ஜக்சன் பணிந்தார். அத்துடன், யார் யாருடைய உரையாடல்கள் கேட்கப்படுகின்றன என்ற விரிவான பதிவைத் தமது அலுவலகத்தில் வைத்திருக்காது ஹூவரிடமே விட்டுவிட்டார். சங்கடமான உண்மையை அறியாதிருப்பதே வசதி என்று கருதும் மேலதிகாரியின் செயலாகவே இது நமக்குத் தோன்றுகிறது. வழக்குத்தொடுநர்களுக்கு அத்தனை தெளிவாக அறிவுரை கூறிய மனிதர், கண்காணிப்பின் சாவியைக் கண்காணிப்பவரிடமே ஒப்படைத்தார். அதன் விளைவை அமெரிக்கச் சமூகம் பல தசாப்தங்கள் அனுபவிக்க நேர்ந்தது.

1940 ஜூனில் நிறைவேறிய வெளிநாட்டவர் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 50 இலட்சம் பேர் தபாலகங்களுக்குச் சென்று கைவிரல் அடையாளமிட்டுத் தம்மைப் பதிந்து கொண்டனர். அதே சட்டம் அரசாங்கத்தைப் பலாத்காரமாகக் கவிழ்க்க வேண்டுமெனப் போதிப்பதையும் குற்றமாக்கியது. ஆபத்தானவர்கள் எனக் கருதப்பட்டோரின் பட்டியல்களும் இக்காலத்தில் எப்.பி.ஐ.யினால் தொகுக்கப்பட்டு வந்தன. 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட அன்றிரவே ஜப்பானிய சமூகத் தலைவர்கள் வீடு வீடாகக் கைது செய்யப்பட்டமைக்கு உதவியவை இப்பட்டியல்களே.

1940 ஆகஸ்டில் பிரித்தானியாவுக்கு 50 பழைய போர்க்கப்பல்களை வழங்கி, பதிலுக்குத் தளங்களை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறுவதற்கு காங்கிரஸின் புதிய அனுமதி தேவையில்லை என்று அவர் எழுதிய சட்ட அபிப்பிராயமும் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1941 ஜூனில், வேலைநிறுத்தத்தால் முடங்கிய கலிபோர்னிய விமானத் தொழிற்சாலையொன்றை ஜனாதிபதி படையினரைக் கொண்டு கையகப்படுத்தியதையும் அவர் நியாயப்படுத்தினார். அடுத்த மாதமே உயர் நீதிமன்ற நீதியரசராகப் பதவியேற்றார்.

நீதியாசனத்தில்

1943 ஜூனில் ஜக்சன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, போர் உச்சத்திலிருந்த வேளையில் சிறுபான்மை மதக் குழுவொன்றைக் காத்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற சபையைச் சேர்ந்த பிள்ளைகள், கொடிக்கு வணக்கம் செலுத்துவது தமது மத நம்பிக்கைக்கு விரோதமானது எனக் கூறி மறுத்தமைக்காகப் பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். தேசப்பற்றைக் கட்டளையிட்டு உண்டாக்க முடியாது என்பதும், எந்த அதிகாரிக்கும் மக்களின் மனச்சாட்சிக்கு எல்லை வகுக்கும் உரிமையில்லை என்பதும் அத்தீர்ப்பின் சாரம். அடிப்படை உரிமைகளைத் தேர்தல் பெரும்பான்மையின் கையில் விடலாகாது என்ற கோட்பாட்டுக்கு அது இன்றும் ஆதாரமாக விளங்குகிறது.

ஆனால், அதே மாதத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் மீதான ஊரடங்குச் சட்டத்தை நீதிமன்றம் ஏகமனதாக ஏற்றுக் கொண்டபோது ஜக்சனும் அதில் இணைந்திருந்தார். 1942 பெப்ரவரி 19ஆம் திகதிய ஜனாதிபதி உத்தரவின் கீழ், மேற்குக் கரையோரத்திலிருந்து ஏறக்குறைய 1,20,000 பேர் வெளியேற்றப்பட்டு முட்கம்பி வேலியிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த பிரஜைகள். எஞ்சியோர் வெளிநாட்டவராக இருந்தமைக்குக் காரணம், ஜப்பானில் பிறந்தோர் பிரஜாவுரிமை பெறுவதைச் சட்டமே தடுத்திருந்தமையாகும்.

முகாமுக்குச் செல்ல மறுத்த பிரெட் கொரமற்சு என்ற இளைஞரின் வழக்கு 1944 டிசம்பர் 18ஆம் திகதி தீர்க்கப்பட்டது. ஆறு நீதியரசர்கள் அரசாங்கத்துக்குச் சார்பாகவும் மூவர் எதிராகவும் நின்றனர். அம்மூவருள் ஜக்சன் ஒருவர். அவருடைய காரணம் தனித்துவமானது. போர்க்களத் தளபதியின் கட்டளை தவறானதாயினும் ஆபத்து நீங்கியதும் அது மறைந்துவிடும். ஆனால், நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு இசைவானதென நியாயப்படுத்திவிட்டால், அந்தக் கோட்பாடு நிரந்தரமாக நிலைத்துவிடும் என்று அவர் கருதினார். அவசரத் தேவை என்று கூறிக்கொண்டு எந்த அதிகாரியும் எடுத்துச் சுடுவதற்கு ஆயத்தமாகக் கிடக்கும் துப்பாக்கிக்கு அதனை ஒப்பிட்டார்.

இந்த எதிர்த்தீர்ப்பைப் போற்றுவோர் மறந்துவிடும் ஒரு விடயம் உண்டு. படையினரைத் தடுக்கும் வல்லமை நீதிமன்றத்துக்கு இருப்பதாக ஜக்சன் கூறவில்லை. அவர்களுடைய செயலுக்கு நீதிமன்றம் துணை போகக் கூடாது என்றே கூறினார். முகாமிலிருந்த தாய்க்கும் பிள்ளைக்கும் இதனால் உடனடியாகக் கிடைக்கக் கூடிய நிவாரணம் சொற்பமே. ஆயினும், அபிப்பிராயமொன்று எழுதப்பட்ட பின்னர் அதனை எழுதியவரின் கட்டுப்பாட்டை விட்டு எவ்வளவு தூரம் பயணிக்கும் என்பதை அறிந்த முன்னாள் சட்டமா அதிபரின் குரல் அதில் ஒலிப்பதை மறுக்க முடியாது.

அவ்வழக்கில் அரசாங்கச் சட்டத்தரணிகள் நடந்து கொண்ட விதம் பல ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. கரையோரத்திலிருந்து ஜப்பானியர்கள் எதிரிக் கப்பல்களுக்குச் சமிக்ஞை வழங்கியதாக இராணுவ அறிக்கை கூறியிருந்தது. இது பொய் என்பதை எப்.பி.ஐ.யும் தொடர்பாடல் ஆணைக்குழுவும் அறிந்திருந்தன. இதனை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென நீதித் திணைக்களத்தின் இரு சட்டத்தரணிகள் வாதாடியும், அவர்கள் எழுதிய அடிக்குறிப்பு அர்த்தமிழக்கும் அளவுக்குத் திருத்தப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அந்த ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டதையடுத்து, 1983இல் கொரமற்சு மீதான குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 1988இல் காங்கிரஸ் சட்டமியற்றி மன்னிப்புக் கோரியதுடன், உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் நட்டஈடு வழங்கியது. 2011இல் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகமும் தனது தவறைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. ஓர் அடிக்குறிப்பு உரிய இடத்தில் இருந்திருப்பின் தீர்ப்பு மாறியிருக்குமோ என்ற கேள்வி இன்னமும் எஞ்சி நிற்கிறது.

நியூரம்பேர்க்கும் அதன் பின்னரும்

1945 மே மாதத்தில் ஜனாதிபதி ட்ரூமன் ஜக்சனை நாஜிக் குற்றவாளிகளுக்கு எதிரான அமெரிக்கத் தலைமை வழக்குத்தொடுநராக நியமித்தார். விசாரணையின்றிச் சுட்டுவிடலாம் என்ற கருத்து வென்ற நாடுகளில் வலுவாக இருந்த வேளையில், குற்றம் சாட்டப்பட்டோருக்குச் சட்டத்தரணியும் எதிர்வாதமும் உண்டு என்ற ஏற்பாட்டை உறுதி செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. சாட்சிகளின் உணர்ச்சிகளை விட நாஜிகளின் சொந்த ஆவணங்களையே அவர் அதிகம் நம்பினார். கோரிங்கைக் குறுக்கு விசாரணை செய்தபோது அவர் தடுமாறினார் என்பது உண்மையே. எனினும், 1946 ஒக்டோபர் 1ஆம் திகதி தீர்ப்பளிக்கப்பட்டபோது, 22 பேரில் மூவர் விடுதலை செய்யப்பட்டமை, அது வெறும் பழிவாங்கலாக அமையவில்லை என்பதற்குச் சான்றாயிற்று. அவருக்குப் பின் பொறுப்பேற்ற டெல்போர்ட் டெய்லர், 1947இல் ஹிட்லரின் நீதித்துறை அதிகாரிகளையும் நீதிபதிகளையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். அரசுக்காகச் சட்டம் எழுதிக் கொடுப்பவரும் குற்றவாளியாகலாம் என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது.

நாடு திரும்பிய ஜக்சனை எதிர்கொண்டது பனிப்போர் அச்சம். 1951இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேர் மீதான தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தபோது அவரும் அதற்கு ஆதரவாகவே தீர்ப்பெழுதினார். அத்தலைவர்கள் தண்டிக்கப்பட்டது அவர் சட்டமா அதிபராக இருந்தபோது நிறைவேறிய அதே 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் என்பது குறிப்பிடத்தக்கது. ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த விதத்தை ஆவணங்களில் கண்ட மனிதருக்குக் கட்டுப்பாடான கட்சிகள் மீது ஏற்பட்ட பயம் இதற்கு ஒரு விளக்கமாகலாம், முழுமையான நியாயமாகாது.

ஆயினும், இரகசியச் சான்றுகளின் பேரில் மனிதரை அடைத்து வைப்பதை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. அமெரிக்கப் படைவீரர் ஒருவரை மணந்த, ஜெர்மனியில் பிறந்த எலன் நவ் என்ற பெண்ணுக்கு, காரணம் கூறாமலேயே நாட்டினுள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. 1950 ஜனவரியில் நீதிமன்றப் பெரும்பான்மை அரசாங்கத்தின் பக்கம் நின்றது. ஜக்சன் எதிர்த்தார். அதே ஆண்டு மே மாதம் அப்பெண் விமானத்தில் ஏற்றப்படவிருந்த வேளையில் தடையுத்தரவு வழங்கி அதனை நிறுத்தியவரும் அவரே. 1951இல் வெளிப்படையான விசாரணை நடந்தபோது குற்றச்சாட்டு நிலைக்கவில்லை, எலன் அனுமதிக்கப்பட்டார். 1953இல், எல்லிஸ் தீவில் 21 மாதங்களாக விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டிருந்த மெசெய் என்பவரின் வழக்கிலும் ஜக்சன் சிறுபான்மையிலேயே நின்றார். கடுமையான சட்டத்தை நீதியான நடைமுறையின் கீழ் சகித்துக் கொள்ளலாம். நல்ல சட்டமும் நடைமுறை நீதியின்றிக் கொடுமையாகிவிடும் என்பது அவருடைய துணிபு.

தம்முடைய பழைய எழுத்துகளை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதே நம்மை அதிகம் கவர்கிறது. 1950இல், வெளிநாட்டவரின் பிரஜாவுரிமை குறித்த வழக்கொன்றில், சட்டமா அதிபராகத் தாமே வழங்கியிருந்த அபிப்பிராயம் தவறு என்று வெளிப்படையாக ஏற்று, அதற்கு எதிரான தீர்ப்பில் இணைந்தார். 1952இல் கொரியப் போரைக் காரணம் காட்டி ட்ரூமன் உருக்காலைகளைக் கையகப்படுத்தியபோது, அரசாங்கத் தரப்பு ஜக்சனின் 1941ஆம் ஆண்டு நிலைப்பாட்டையே முன்னுதாரணமாக எடுத்துக் காட்டியது. வழக்காளி ஒருவரின் சட்டத்தரணியாகத் தாம் கூறியவை, நீதியரசராகத் தம்மைக் கட்டுப்படுத்தா என்று அவர் பதிலளித்தார். காங்கிரஸின் விருப்பத்துக்கு முரணாகச் செயற்படும்போதே ஜனாதிபதியின் அதிகாரம் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கிறது என்று அவர் வகுத்த அளவுகோல் இன்றும் அமெரிக்க நீதிமன்றங்களின் கையில் உள்ளது.

1954 மார்ச்சில் மாரடைப்புக்கு உள்ளான ஜக்சன், கறுப்பின மாணவரைப் பிரித்து வைத்தலுக்கு எதிரான வரலாற்றுத் தீர்ப்பு மே 17ஆம் திகதி வாசிக்கப்பட்ட வேளையில், மருத்துவமனையிலிருந்து வந்து ஆசனத்தில் அமர்ந்திருந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி, 62ஆவது வயதில் காலமானார்.

நமக்குரிய பாடம்

2018 ஜூனில், பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளைச் சேர்ந்தோர் அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடுத்த ஜனாதிபதி ட்ரம்பின் உத்தரவு அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. கொரமற்சு தீர்ப்பு தவறானது என்று ஜக்சனின் எதிர்த்தீர்ப்பை ஆதாரமாகக் கொண்டு கூறிய பிரதம நீதியரசர், அதே தீர்ப்பிலேயே அந்தப் பயணத் தடையை ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் செல்லுபடியாக்கினார். பழைய துப்பாக்கியைப் புதைத்துக் கொண்டே புதியதொன்று கையளிக்கப்பட்டதாக அதனை எதிர்த்த நீதியரசர்கள் கண்டனம் தெரிவித்தனர்.

இலங்கையர்களாகிய நமக்கு இது தூரத்துக் கதையல்ல. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது, மூன்று ஆண்டுகளுக்கு மாத்திரமான தற்காலிக ஏற்பாடு என்றே கூறப்பட்டது. 1982இல் அந்தக் கால எல்லை நீக்கப்பட்டது. பொலிஸ் அதிகாரியிடம் வழங்கப்பட்டதாகக் கூறப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்று, அது சுயவிருப்பின்றிப் பெறப்பட்டது என நிரூபிக்கும் பாரத்தைச் சந்தேகநபர் மீதே அது சுமத்தியது. தமிழ் இளைஞர்களின் ஒரு தலைமுறையை விழுங்கிய அச்சட்டம், 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர், அத்தாக்குதல்களோடு தொடர்பற்ற முஸ்லிம்கள் பலர் மீதும் திரும்பியது. ஒரு சமூகத்துக்கென நிரப்பப்பட்ட துப்பாக்கி, அதே மேசையில் கிடந்து, நாற்பது ஆண்டுகளின் பின்னர் மற்றொரு சமூகத்தை நோக்கி எடுக்கப்பட்டதை இரு சமூகத்தவரும் அனுபவத்தால் அறிவர். அன்று மௌனமாயிருந்தவர்கள் யார், இன்று மௌனமாயிருப்பவர்கள் யார் என்ற கணக்கை விட, அத்துப்பாக்கி இன்னமும் அங்கேயே கிடப்பதற்கு இடமளித்தமையே இரு சமூகத்தவரும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

ஜக்சன் மாசற்ற வீரரல்லர். ஹூவரிடம் சாவியைக் கொடுத்தவரும், ஊரடங்குத் தீர்ப்பில் கையொப்பமிட்டவரும் அவரே. ஆயினும், பதவியில் இருந்தபோது தாம் எழுதியதைப் பின்னாளில் திருப்பிப் பார்த்து, அது தவறு என்று அதிகாரபூர்வமாகவே பதிவு செய்யும் துணிவு அவருக்கிருந்தது. அரசாங்கத்தின் சார்பில் குற்றப்பத்திரம் வரையும் சட்டத்தரணிகளும், தடுப்புக்காவல் உத்தரவுகளுக்குச் சட்ட விளக்கம் தேடுபவர்களும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுவே. அவர்கள் இன்று எழுதும் ஒரு பந்தி, அவர்கள் ஓய்வு பெற்ற பின்னரும், அவர்களை நியமித்த அரசாங்கம் மாறிய பின்னரும், முகமறியாத ஒருவரின் சிறைக்கதவைப் பூட்டவோ திறக்கவோ போகிறது.